கரையேறும் நேரம்

உப்பளத்தில் கரையேறும் நேரம் என்று ஒன்று உண்டு. விடியுமுன் பாத்திக்குள் இறங்கி உப்பு வாருகிறவர்கள், இன்றைக்கு இது போதும் என்று வரப்பில் ஏறிக் காலைக் கழுவிக்கொள்கிற நேரம். அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. வருஷா வருஷம் மழை ஓய்ந்து, பாத்திகளை மிதித்துச் சரிசெய்கிற வாரத்தில், அளத்துக்காரரும் வேலைக்காரர்கள் சார்பில் ஒருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்த நேரம் எதுவோ, அந்த வருஷம் முழுக்க அதுதான்.

தவசிமுத்து அண்ணாச்சியின் அளத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள். அவர்களுக்காகப் பேசப் போகிறவள் தங்கபுஷ்பம். அவள் பேசப் போக ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆயிற்று. அதற்கு முன்னால் கரையேறும் நேரம் பத்து மணி. இப்போது பதினொன்றரை.

போன சித்திரையில் ஜெபக்கனி பாத்திக்குள் குப்புற விழுந்தாள். அப்போது மணி பதினொன்று இருபது. உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை, ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போயிற்று. வேலைக்கு வருவதில்லை. பார்க்கப் போன தங்கபுஷ்பத்திடம் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. "நீ என்னக்கா செய்வ, உன்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தங்கபுஷ்பத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருஷப் பேச்சு வருகிற திங்கட்கிழமை. அண்ணாச்சி ஒரு மணி கேட்பார், பன்னிரண்டில் வந்து நிற்பார் என்று அளம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆனால் இன்னொருத்தி விழுவாள். யார் என்பதுதான் தெரியாது.

புதன்கிழமை மதியம், வேலை முடிந்த கையோடு, தங்கபுஷ்பம் கிளிஞ்சல் சாமியைப் பார்க்கப் போனாள்.

அளங்களைத் தாண்டி, கடலோரத்தில், பழைய சுண்ணாம்புச் சூளையின் கொட்டகையில் இருந்தார் சாமி. எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. நாற்பது வயதுகூட இருக்காது. மணலோடு வாரி வந்த கிளிஞ்சலைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார். சுண்ணாம்புத் தூசி தொண்டையில் ஏறி எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். உபதேசம் கேட்க வந்தவர்களெல்லாம் அந்த இருமலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். புருஷன் செத்த வருஷத்திலிருந்து விடாமல் வருகிறவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். அவருக்குச் சீடர் என்று யாரையாவது சொல்வதென்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

"சாமி, எனக்கு ஒண்ணு சொல்லித் தரணும்."

"என்னது?"

"மாட்டேன்னு சொல்ல."

சாமி சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன், அண்ணாச்சிகிட்ட என்ன சொல்வீங்க?"

"மாட்டேன்னுதான் சொல்லப் போவேன் சாமி. போறப்ப நெஞ்சு முழுக்க அதுதான் இருக்கும். அங்க போனா அவரு எந்திரிச்சு நாற்காலிய இழுத்துப் போடுவாரு. பன்னீர் சோடா ஒடச்சுத் தருவாரு. பேரன் என்ன படிக்கான்னு கேப்பாரு. மத்தவளுவள்லாம் கத்துதாளுவ, உங்ககிட்டதாம்க்கா ஒரு வார்த்தை பேச முடியும்பாரு."

"அப்புறம்?"

"பொறவு ஒரு மணி வேணும்பாரு. வெயில் தாங்காது அண்ணாச்சிம்பேன். பந்தல் போடுதேம்பாரு. நாக்கு வறண்டு போவும்பேன். வரப்புக்கு ஒரு மண்பானை வைக்கேம்பாரு. நான் என்ன சொன்னாலும் அதுக்கு ஒண்ணு வச்சிருப்பாரு."

"பந்தல் போட்டாரா?"

"போட்டாரு. வைகாசிக் காத்துல பறந்துட்டு."

"நேரம்?"

"அது பறக்கல."

சாமி இருமினார். சிரித்தாரோ என்னவோ.

"ஆனா ஒண்ணு சாமி, நானும் சும்மா விட மாட்டேன். போன வருஷம் ஒரு மணி கேட்டாரு. பேசிப் பேசி பதினொன்றரைக்கு இறக்கிட்டேம்லா!"

"அதுக்கு முந்தின வருஷம் எத்தனை மணி?"

"பதினொண்ணு."

"அப்ப இறக்கினீங்களா, ஏத்தினீங்களா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். கால் விரலால் மணலைக் கீறினாள்.

"அக்கா, மத்தியானச் சோறு கொண்டுவந்திருக்கீங்களா?"

"இருக்கு சாமி. உங்ககூட இருந்து சாப்பிடலாம்னுதான் அளத்துல சாப்பிடாம வந்தேன்."

"எனக்குத் தாங்க."

அவள் திகைத்தாள். இத்தனை வருஷத்தில் சாமி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தினமும் ஒரு வேளைக் கஞ்சி, தானே காய்ச்சிக் குடிப்பார்.

"இது நேத்து வச்ச குழம்பு சாமி."

"நேத்து வச்சதுதான் ருசி."

"காரம் ஜாஸ்தி. உங்க இருமலுக்கு ஆகாது."

"தண்ணி குடிச்சுக்கறேன்."

"எனக்கும் பசிக்கு சாமி."

"அப்ப பாதி தாங்க."

பாதிதானே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தூக்குவாளி மூடியில் சரிபாதி வைத்துக் கொடுத்தாள். சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மூடியைத் துடைத்து நீட்டினார்.

"மிச்சத்தையும் தாங்க."

பாவம், எத்தனை நாள் பசியோ என்று நினைத்து அதையும் கொடுத்தாள். அதையும் சாப்பிட்டார். தூக்குவாளியைக் கழுவி, கவிழ்த்து, நீர் வடிந்ததும் அவள் கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் கொண்டுவாங்க அக்கா."

மூன்று மைல் பசியோடு நடந்து வீடு போய்ச் சேர்ந்தாள் தங்கபுஷ்பம்.

வியாழக்கிழமை அவள் புத்திசாலித்தனமாக இரண்டு வாளி கொண்டுவந்தாள். ஒன்றைச் சாமி முன்னால் வைத்தாள். ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாமி தன்னுடையதைச் சாப்பிட்டு முடித்தார். அவள் மடியைப் பார்த்தார்.

"அதையும் தாங்க."

"சாமி!"

"என்ன?"

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வச்சேம்லா?"

"வச்சீங்க. சாப்பிட்டேன். அதையும் தாங்க."

கொடுத்தாள். அவர் சாப்பிட முடியாமல் சாப்பிட்டார். நெற்றியில் வேர்த்தது. நடுவில் எழுந்து நின்று இரண்டு முறை ஏப்பம் விட்டு, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"இது வயிறா, இல்ல தண்ணி தேக்குத குளமா?" என்றாள் எரிச்சலோடு.

"கேட்டேன். கொடுத்தீங்க."

"அதுக்காக? நான் பட்டினியா நிக்கது கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியலியே அக்கா. நீங்க சொல்லலியே."

"இதெல்லாம் சொல்லணுமா? பாத்தா தெரியாதா?"

சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவள் அளத்து வரப்பிலேயே சாப்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்தாள். தூக்குவாளியே இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"சோறு?"

"இல்லயே சாமி."

"சரி. திங்கட்கிழமை அண்ணாச்சிகிட்டயும் போகாம இருந்துடுவீங்களா?"

சிரிப்பு போய்விட்டது. ஒரு கூடை கிளிஞ்சலைச் சலித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை அவள் ஒரே ஒரு வாளியோடு வந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். மூடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"தாங்க."

"மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். சாமியிடம் சொல்கிற வார்த்தையா அது? கொட்டகை இடிந்து விழுந்துவிடும் போல இருந்தது. விழவில்லை.

"ஏன்?"

"ஏன்னா..."

சாமி முன்னால் சாய்ந்தார். கடைக்குள் ஒரு காலை எடுத்து வைத்துவிட்ட வாடிக்கைக்காரரைக் கடைக்காரர் பார்ப்பாரே, அந்த மாதிரி ஆசையாகப் பார்த்தார். தங்கபுஷ்பம் அதைக் கவனித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். அவளும் இருந்தாள்.

அந்த மௌனத்தைப் போல ஒரு பாரத்தை, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டுக்கு அவள் சுமந்ததில்லை. ஒரு கூடை உப்பு தலையில் இருந்தால் இத்தனை எட்டில் இறக்கிவிடலாம் என்று தெரியும். இது எப்போது இறங்கும் என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அதை இறக்கி வைத்துவிட நாக்கு துடித்தது. கை தானாக மூடியைத் திருகப் பார்த்தது. விரலை மடக்கிக்கொண்டாள்.

"உங்க கைமணம் யாருக்கும் வராது அக்கா" என்றார் சாமி மெதுவாக.

அவள் பேசவில்லை.

"ஊர்ல எல்லாரும் கஞ்சப் பிசினாறிங்க. கேட்டா முகத்தைத் திருப்பிக்குவாங்க. உங்ககிட்டதான் ஒரு வார்த்தை கேக்க முடியுது."

எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. யார் குரல் என்று தெரிந்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது.

"மாட்டேன் சாமி."

"சரி."

அவ்வளவுதான். சாமி எழுந்துபோய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஜல் ஜல்லென்று கிளிஞ்சல் சத்தம் மட்டும் கேட்டது.

தங்கபுஷ்பம் வாளியைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். அது உள்ளே போகவில்லை.

"தொண்டைல எறங்கல சாமி."

"மெதுவா சாப்பிடுங்க."

"நீங்க பட்டினியா இருக்கீயளே."

"ஆமா."

"பாவமா இருக்கு."

"ஆமா."

"அப்ப என்ன செய்ய?"

"சாப்பிடுங்க."

அழவெல்லாம் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் எரிந்தது. ஒவ்வொரு வாயாக, மருந்து சாப்பிடுகிற மாதிரி, முழு வாளியையும் சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவியபோது, ஒரு முழு நாள் பாத்தி மிதித்த அலுப்பு உடம்பில் இருந்தது.

"சாமி, அவரு உங்களை மாதிரி சும்மா இருக்க மாட்டாரே. பேசுவாரே."

"பேசட்டும்."

"நான் என்ன பேச?"

"நேரத்தைச் சொல்லுங்க."

"பொறவு?"

"அப்புறமும் நேரத்தைச் சொல்லுங்க."

"கோவிச்சுக்கிட்டாருன்னா?"

சாமி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கோவிச்சுக்குவார்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அளத்து ஆபீஸ் முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆபீஸ் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், தினசரிக் காலண்டர்.

"வாங்கக்கா, வாங்க" என்று எழுந்தார் தவசிமுத்து அண்ணாச்சி. நாற்காலியை இழுத்துத் தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். "உக்காருங்க."

"நிக்கேன் அண்ணாச்சி."

"நிக்கதாவது! உக்காருங்க, கால் வலிக்கும்லா?"

"இருக்கட்டும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபின்தான் அவள் முகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. சோடா பாட்டிலை உடைத்து மேஜை ஓரத்தில் வைத்தார். அவள் எடுக்கவில்லை. அது தன்பாட்டுக்கு நுரைத்து அடங்கிற்று.

"பேரன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். பத்து மணி அண்ணாச்சி."

"பேரனுக்கா பத்து மணி? என்ன, பள்ளிக்கூடமா?" சிரித்தார்.

"கரையேற."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, நான் ஒரு மணி கேக்கலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா பத்துங்கீய. ஏன், என்ன நடந்துபோச்சு இப்ப?"

ஜெபக்கனியின் பெயர் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த பெயரை விழுங்கிக்கொண்டாள். சொன்னால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஜெபக்கனிக்கு ஏற்கெனவே ரத்தசோகைம்பார். வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரும்பார். இரண்டும் உண்மைதான்.

"பத்து மணி அண்ணாச்சி."

அவர் பேச ஆரம்பித்தார். வடக்கே இருந்து உப்பு வந்து இறங்குகிறது என்றார். லாரிக்காரன் காத்திருக்க மாட்டான் என்றார். ஒரு மணிநேரம் மழை பெய்தால் ஒரு வாரத்து உப்பு கரைந்து போகும் என்றார். தனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, இப்போதெல்லாம் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கெட்ட மனுஷனும் இல்லை. தங்கபுஷ்பத்துக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் பேசாமல் நின்றாள். கடிகாரம் மட்டும் பேசிற்று.

"சரி, பன்னெண்டு" என்றார் அவரே.

அவள் பேசவில்லை.

"ஒங்க முகத்துக்காகச் சொல்லுதேன், பழையபடி பதினொன்றரை. யாருகிட்டயும் நான் இப்படி எறங்கினதில்ல."

இந்த இடத்தில்தான் வருஷா வருஷம் அவள் தலை ஆடும். கழுத்து நரம்பு அந்தப் பழக்கத்துக்கு அசையப் பார்த்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீய? பதினொண்ணு. பதினொண்ணுன்னா என்ன சொல்லுதீய?"

"பத்து மணி."

அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"வெளிய எத்தனை பேரு வேலை கேட்டு அலையுதாவன்னு தெரியுமா? நாளைக்கே வேற ஆள எறக்கிருவேன். அதையும் ரோசிச்சுப் பேசணும்!"

அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு குடும்பம் நின்றது. பதினொன்று என்றபோதே தலையாட்டியிருந்தால் அதுவே அரைமணி லாபம். அதையும் சேர்த்து இழந்துவிட்டால்?

"வெளிய நிக்கேன் அண்ணாச்சி. நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

நாலாவது எட்டு வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பத்தரை!"

திரும்பினாள். பத்தரை. ஒரு மணிநேரம் மிச்சம். இந்த ஐந்து வருஷத்தில் நடக்காத காரியம். வெளியே போய்ச் சொன்னால் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். சரி என்று சொல்ல உதடு பிரிந்துவிட்டது.

ஆனால் பாதி கொடுத்தால் பாதியோடு நிற்காது என்று அவள் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

"பத்து மணி."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து அன்றைய தாளில் பத்து என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இத்தனை வருஷம் உன்னை வேற மாதிரி நெனச்சிருந்தேன்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "நீயும் அவளுவள மாதிரிதான். போ."

அவள் போனாள்.

வெளியே முப்பத்தேழு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"பத்து" என்றாள்.

அவர்களுக்கு நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. இசக்கியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பத்தா? இவ்வளவு எறங்கினவரு ஒம்பதரைக்கு வர மாட்டாராக்கும்? ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருக்கலாம்லாக்கா?"

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் ஒருத்தி.

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்? கேட்டா வாய் வலிக்குமா?"

"என் பஸ்ஸு பதினொன்றரைக்குத்தான்" என்றாள் இன்னொருத்தி. "பத்து மணிக்குக் கரையேறி நான் அதுவரைக்கும் என்ன, உப்பைப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

"நடந்து போ ஏட்டி. கொழுப்பு கொறையும்."

சிரித்தார்கள். தங்கபுஷ்பத்துக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாமியைப் பார்க்க அவள் ஒரு மாதம் வரவில்லை. மாசி பிறந்து, பாத்திகளில் உப்பு பூத்து, வேலை மும்முரமாகிவிட்டது. வந்த அன்று கொட்டகைக் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாமி சலித்துக்கொண்டிருந்தார்.

"பத்து மணி வாங்கிட்டேன் சாமி."

"கேள்விப்பட்டேன்."

"அண்ணாச்சி முகம் குடுக்க மாட்டேங்காரு. எதுக்க வந்தா வேற வரப்புல எறங்கிப் போயிருதாரு. பேரனுக்குக் காய்ச்சல்னு ஊருக்கே தெரியும். ஒரு வார்த்தை கேக்கல."

"ம்."

"இவளுவ என்னடான்னா ஒம்பதரைங்காளுவ. அடுத்த வருஷம் பேச இசக்கியம்மாவ அனுப்பணுமாம். நான் அண்ணாச்சிக்கு விட்டுக் குடுத்துட்டேனாம்."

"ம்."

"முந்தில்லாம் தோத்துட்டு வருவேன். பாவம், நல்ல மனுசி, அவளால ஆனது அவ்வளவுதாம்பாளுவ. அண்ணாச்சியும் தங்கமான ஆளும்பாரு. வீட்டுக்குப் போயிப் படுத்தேன்னா விடியுத வரைக்கும் ஒரே தூக்கந்தான். இப்ப செயிச்சுட்டு வந்து கண்ணே மூட மாட்டேங்கு சாமி. அவரு சொன்னது, இவளுவ சொன்னது, நான் பேசாம நின்னது, எல்லாம் வந்து வந்து நிக்கி. கூரையப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

"மத்தவங்க?"

"அவளுவளுக்கு என்ன! முந்தி மாதிரி காலு எரிச்சல் இல்லியாம், தலைக் குத்து இல்லியாம். பாய்ல சாஞ்சா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதாளுவளாம். முப்பத்தேழு பேரும் நல்லாத் தூங்குதாளுவ. நான் ஒருத்திதான் முழிச்சுக் கெடக்கேன்."

சாமி சல்லடை ஆட்டுவதை நிறுத்தினார். இருமல் வந்து, அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தார்.

"போன வருஷம் யார் தூங்கினா, அக்கா?"